பட்டர் ஃப்ரூட்டில் ஆண் மரம் கிடையாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 அடி சைட்டில் வீடு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் மாமியார் பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ பழம் சாப்பிட்டுவிட்டுக் காம்பவுண்டு ஓரமாக ஊன்றிய கொட்டை இன்று முதல் மாடி ஜன்னலைத் தாண்டி நிற்கிறது. போன வருஷமும் இந்த வருஷமும் தை மாதத்தில் இலை தெரியாத அளவுக்குப் பூத்தது, அத்தனையும் கொட்டிவிட்டது, ஒரு காய்கூட நிற்கவில்லை. தோட்ட வேலைக்கு வருகிறவர் இது ஆண் மரம், வெட்டிவிடுங்கள் என்கிறார். நர்சரிக்காரர் 'பி டைப்' ஒட்டுச்செடி ஒன்று பக்கத்தில் வைத்தால்தான் காய்க்கும் என்று விலை சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது, அதோடு மொட்டைமாடியில் டிரம்மில் ஹாஸ் என்ற அவகாடோ வகையை வைக்கலாமா என்பதும் கேட்கப்பட்டிருக்கிறது.

தோட்டக்காரர் சொல்வது தவறு. நர்சரிக்காரர் சொல்வது பாதி சரி. அந்தப் பாதிக்குக் காசைக் கொடுக்கும் முன் உங்கள் மரத்தின் பூவைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலத்துக்கு முன் ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த வேலையை யாருமே செய்வதில்லை, செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ.

ஆண் மரம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. பனையில் ஆண் பனை, பெண் பனை உண்டு. பப்பாளியில் உண்டு. ஜாதிக்காய் போட்டவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் நன்றாகவே தெரியும், பல வருஷம் வளர்த்த பிறகு பூ வரும்போதுதான் பாதி மரம் ஆண் என்று தெரியவரும். அந்தக் கணக்கை அவகாடோவுக்கும் போட்டுவிடுகிறார்கள். அவகாடோ பூ ஒவ்வொன்றிலும் சூலகமும் இருக்கிறது, மகரந்தமும் இருக்கிறது. மரத்தில் ஆண், பெண் என்று பிரிவே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே பூவில் இரண்டும் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை.

ஒரு பூ இரண்டு தடவை திறக்கும். முதல் தடவை திறக்கும்போது பெண்ணாக இருக்கும், சூலகத்தின் நுனியான சூல்முடி மகரந்தத்தை ஏற்கத் தயாராக இருக்கும், ஆனால் அதன் சொந்த மகரந்தப்பைகள் மூடியே இருக்கும். சில மணி நேரத்தில் பூ மூடிக்கொள்ளும். மறுநாள் மறுபடி திறக்கும்போது அது ஆண், மகரந்தப்பைகள் வெடித்து மகரந்தம் வெளியே வரும், ஆனால் சூல்முடியின் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்புறம் மூடினால் மூடியதுதான், திறக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு மரத்தில் அன்றைக்குத் திறக்கும் எல்லாப் பூவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பெண்ணாகவும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆணாகவும் மாறும். மரம் முழுக்க ஒரே கடிகாரம். 1920களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் நிரோடி என்பவரும், 1923இல் கலிஃபோர்னியாவில் ஸ்டவுட் என்பவரும் இதை உட்கார்ந்து பார்த்து எழுதி வைத்தார்கள், இன்றுவரை அந்த அடிப்படை மாறவில்லை.

ஏ, பி என்பதெல்லாம் இந்தக் கடிகாரம் எப்போது ஓடுகிறது என்பதற்கு வைத்த குறிதான். ஏ வகை மரத்தில் பூ முதல் நாள் காலையில் பெண்ணாகத் திறந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொண்டு, அன்று சாயங்காலமும் இரவும் மறுநாள் காலையும் மூடியே கிடந்து, மறுநாள் மதியத்துக்கு மேல் ஆணாகத் திறக்கும். பி வகையில் முதல் நாள் மதியத்துக்கு மேல் பெண், இரவு மூடல், மறுநாள் காலையில் ஆண். ஆக, காலையில் ஏ மரம் பெண்ணாக நிற்கும்போது பி மரம் மகரந்தத்தோடு நிற்கிறது, மதியத்துக்கு மேல் அது அப்படியே தலைகீழ். ஐ.டி. ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால், ஒருவர் மார்னிங் ஷிஃப்ட், ஒருவர் ஆஃப்டர்நூன் ஷிஃப்ட், ஒருவர் பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்தில் இன்னொருவர் வந்து நிற்கிறார். ஏ ஆண் என்றும் பி பெண் என்றும் சிலர் யூடியூபில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு வகையிலும் காய் காய்க்கும்.

சரி, பூவைப் பார்ப்பது எப்படி. பூ ரொம்பச் சின்னது, ஒரு சென்டிமீட்டர் அகலம்தான், மஞ்சளோடிய பச்சை, ஆறு இதழ்கள். கைக்கெட்டும் கொத்து ஒன்றைப் பிடித்து, மொபைல் கேமராவை மேக்ரோவில் வைத்து ஒரு படம் எடுத்தால் வேலை முடிந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டு கஷ்டப்படவே வேண்டாம். பெண் நிலையில் நடுவில் ஒற்றைச் சூல்தண்டு தனியாக நிமிர்ந்து நிற்கும், அதன் நுனி வெள்ளையாகப் பளபளக்கும், சுற்றிலும் உள்ள மகரந்தக் காம்புகள் வெளிப்பக்கம் சாய்ந்து இதழோடு இதழாகப் படுத்திருக்கும். ஆண் நிலையில் அந்தக் காம்புகள் எழுந்துவிடும்: மொத்தம் ஒன்பது, வெளிச்சுற்றில் ஆறு சாய்வாகவும் உள்சுற்றில் மூன்று சூல்தண்டை ஒட்டி நேராகவும். ஒவ்வொரு மகரந்தப்பையிலும் நான்கு குட்டிக் கதவுகள் மேல்நோக்கித் திறந்திருக்கும், அந்தக் கதவுகளின் உள்பக்கத்தில் மஞ்சள் மகரந்தம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். காம்புகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் தேன் சுரப்பிகள் மினுமினுக்கும். சூல்முடி பழுப்பேறியிருக்கும். ஒரு தடவை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில் காலை பத்து மணி வாக்கில் திறந்த பூக்கள் பெண்ணாக இருந்தால் உங்கள் மரம் ஏ. ஆணாக இருந்தால் பி. மதியம் மூன்று மணிக்கு மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நடுப்பகலில் மட்டும் பார்த்து முடிவுக்கு வரவேண்டாம், அப்போது இரண்டும் கலந்து தெரியும். ஏன் கலந்து தெரிகிறது என்பதில்தான் ஒற்றை மரம் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

இந்தக் கடிகாரம் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப நகரும். பகல் 25, இரவு 20 டிகிரி என்கிற மாதிரி சூழலில் புத்தகத்தில் போட்டபடி ஓடும். அதைவிடக் குளிர்ந்தால் திறப்பதும் மூடுவதும் தள்ளிப்போகும். பெங்களூருவில் ஜனவரி இரவு 16 டிகிரி பக்கம் இறங்கும், சில நாள் அதற்கும் கீழே போகும், விடிந்து வெகுநேரம் வரை மூட்டமாகவே இருக்கும். அப்படிப்பட்ட நாளில் ஏ மரத்தின் பெண் பூக்கள் காலையில் திறக்காமல் நடுப்பகலுக்கு மேல்தான் திறக்கும், அந்த நேரத்தில் நேற்றைய பூக்கள் ஆணாகத் திறந்துகொண்டிருக்கும். பி வகை குளிருக்கு இன்னும் மோசமாகத் தடுமாறும். குளிர் தொடர்ந்தால் பெண் நிலையில் திறக்கும் பூக்களே வெகுவாகக் குறைந்துபோகும், நீங்கள் எப்போது போய்ப் பார்த்தாலும் ஆண் பூவே கண்ணில் படும். உங்கள் தோட்டக்காரர் பூவைப் பார்த்துத்தான் சொன்னார் என்றால் இந்த நாட்களில் ஒன்றில் பார்த்திருப்பார். பொங்கல் வாரத்தில் பார்த்ததை வைத்து மரத்துக்குச் சாதிச் சான்றிதழ் எழுதிவிட வேண்டாம், பிப்ரவரியில் வெயில் ஏறியதும் மறுபடி பாருங்கள். மரம் பூப்பது ஓரிரு மாதம் நீளும், நேரம் இருக்கிறது.

இப்போது அந்த நல்ல செய்தி. ஆண், பெண் நேரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் பிரிவதில்லை. மாறும் நேரத்தில், பெரும்பாலும் நடுப்பகலை ஒட்டி, கொஞ்ச நேரம் ஒரே மரத்தில் கடைசிப் பெண் பூக்களும் முதல் ஆண் பூக்களும் சேர்ந்து திறந்திருக்கும். அந்த இடைவெளியில் தேனீ வந்தால் தன் மரத்து மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், அவகாடோவுக்குத் தன் மகரந்தம் ஒவ்வாது என்றெல்லாம் இல்லை. காற்றில் ஈரம் அதிகமுள்ள ஃப்ளோரிடா போன்ற இடங்களில் ஆண் நிலையிலும் சூல்முடி வாடாமல் வெள்ளையாகவே இருந்து, அதே பூவின் மகரந்தத்தையே ஏற்பதையும் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வீட்டுத் தோட்டங்களில் தனி மரமாக நிற்கும் ஹாஸ் காய்க்கத்தான் செய்கிறது. பெங்களூருவிலேயே ஃப்ரேசர் டவுன், குக் டவுன் பக்கம் பழைய பங்களாக்களின் காம்பவுண்டில் எந்த ஜோடியும் திட்டமிட்டு வைக்காத மரங்கள் காய்த்துத் தொங்குகின்றன. அதனால் "பி இல்லாமல் காய்க்கவே காய்க்காது" என்பது வியாபாரப் பேச்சு.

அதற்காக இரண்டாவது வகையால் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. பக்கத்தில் எதிர் வகை இருந்தால் பெண் பூ திறந்திருக்கும் முழு நேரமும் மகரந்தம் கிடைக்கிறது, நடுப்பகலின் சிறு இடைவெளியை நம்பியிருக்க வேண்டியதில்லை. இஸ்ரேலில் ஹாஸ் தோப்புகளில் எட்டிங்கர் என்ற பி வகையைக் கலந்து நடுகிறார்கள். எட்டிங்கர் மகரந்தத்தில் உண்டான பிஞ்சுகள் தன் மகரந்தத்தில் உண்டானவற்றைவிட மரத்தில் அதிகம் நிலைக்கின்றன என்று அங்கே ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். தோப்பு வைத்து வருமானம் பார்க்கிறவருக்கு அது பெரிய வித்தியாசம். வீட்டுத் தேவைக்கு ஐம்பது பழம் போதும் என்பவருக்கு அது இரண்டாவது கவலை.

முதல் கவலை, பூ உதிர்வதை எப்படிப் படிப்பது என்பது. நன்றாக வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் பத்து லட்சம் பூ வரை பூக்கும். அதில் பறிக்கிற அளவுக்கு வருவது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இருநூறு காய் நின்றால் நல்ல மரம். அதாவது தரையெல்லாம் பூவாகக் கொட்டிக் கிடப்பது நோய் இல்லை, அதுதான் அதன் இயல்பு. ஒற்றைச் சூலகத்தில் ஒற்றைச் சூல், அதற்குள் மகரந்தக் குழல் இறங்கிச் சேர வேண்டும், பெரும்பாலான பூக்களுக்கு அந்த யோகம் இல்லை.

ஆகவே என்ன கொட்டுகிறது என்று பாருங்கள். மரத்தடியில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், காலையில் குனிந்து பார்த்தால் கதை தெரிந்துவிடும். வெறும் காய்ந்த பூ, நடுவில் சூல்பை கொஞ்சமும் பெருக்காமல் விழுந்திருந்தால், மகரந்தம் சேரவில்லை அல்லது மரம் இன்னும் காய்க்கிற வயசுக்கு வரவில்லை. தீக்குச்சித் தலை, மிளகு அளவில் பச்சையாகப் பிஞ்சு விழுந்தால் பாதி வேலை நடந்திருக்கிறது: கருவுறாமல் வெறுமனே பெருத்தவையும், துளிரோடு நடந்த போட்டியில் தோற்றவையும் இதில் இருக்கும். சித்திரை வைகாசியில் எலுமிச்சை அளவில் விழுந்தால் மகரந்தத்தைக் குறை சொல்லவே முடியாது, அது தண்ணீர், வெயில், ஆலங்கட்டி மழை, சூறைக்காற்று விவகாரம். "எல்லாம் கொட்டிவிட்டது" என்பதற்குள் இந்த மூன்றும் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. விரல் நீளத்தில் கொட்டையே இல்லாத காய்கள் சில நின்றிருந்தால் அது கரு பாதியில் கலைந்தது, குளிரில் இது நடக்கும், ஃபூர்டே வகையில் சகஜம். அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

உங்களுடையது கொட்டை போட்டு வந்த மரம் என்பதையும் மறக்க வேண்டாம். அவகாடோ கொட்டையிலிருந்து வரும் கன்று தாயைப் போல இருக்காது. மாமியார் சாப்பிட்ட பழம் எவ்வளவு ருசியாக இருந்திருந்தாலும் அது இந்த மரத்தில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஏ-யா பி-யா என்பதையும் கொட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பூக்கும்போதுதான் தெரியும். கன்று மரங்கள் ஐந்து வருஷத்திலும் பூக்கும், பத்தைத் தாண்டியும் பூக்காமல் நிற்கும். முதல் ஒன்றிரண்டு பருவங்கள் பூவை மட்டும் காட்டிவிட்டுக் காயை உதிர்ப்பது ரொம்பச் சாதாரணம். உங்களுடையது இரண்டு பருவம்தான் பூத்திருக்கிறது. என் கையில் இருந்தால் இன்னும் இரண்டு பருவம் பார்க்காமல் அரிவாளைத் தொடவிட மாட்டேன்.

அடுத்து தேனீ. பெங்களூருவில் நிஜமான சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன். அவகாடோ மகரந்தம் பிசுபிசுப்பாகக் கட்டியாக இருக்கும், காற்றில் பறந்து சேருவது மிகக் குறைவு, பூச்சி வந்து உடம்பில் பூசிக்கொண்டு போக வேண்டும். ஆனால் தேனீக்களுக்கு அவகாடோ பூ முதல் விருப்பம் கிடையாது. பக்கத்தில் எலுமிச்சை, நாரத்தை பூத்தால் அங்கே போய்விடும், மார்ச் மாதம் புங்கம் பூத்தால் அங்கே. உங்கள் மரத்தடியில் வெயில் நேரத்தில் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, எறும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் கொசுத் தேனீ, மஞ்சள் கோடு போட்ட மிதவை ஈ, பச்சை ஈ, எது வந்தாலும் நல்லதே. கண்ணில் ஒன்றும் படவில்லை என்றால் பக்கத்தில் எந்த டைப் செடி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும். அபார்ட்மெண்ட்களில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டினால் உடனே பெஸ்ட் கன்ட்ரோலைக் கூப்பிட்டு மருந்தடித்துக் கொன்றுவிட்டு, கீழே வந்து மரம் காய்க்கவில்லை என்று கவலைப்படுகிற ஊர் இது. உங்களால் முடிந்தது: பூக்கும் மாதங்களில் மரத்துக்கு எந்த மருந்தும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம், கட்டாயம் என்றால் பொழுது சாய்ந்த பிறகு. துளசி, திருநீற்றுப்பச்சிலை, கொடி ரோஸ் இவற்றை வருஷம் முழுக்கப் பூக்க விட்டு வையுங்கள். தேனீ உங்கள் வீட்டு வழியைப் பழகிக்கொள்ளும்.

மகரந்தம்தான் குறை என்று எப்படி உறுதி செய்வது? கைவைத்துப் பார்க்கலாம். கைக்கெட்டும் உயரத்தில் பத்துக் கொத்துகளில் ஒரு நூலைக் கட்டுங்கள். பெண் பூ திறந்திருக்கும் நேரத்தில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தப்பைகள் மஞ்சளாகத் தெரிகிற அந்த நுனியை நேராகப் பெண் பூவின் வெள்ளைச் சூல்முடியில் மெதுவாகத் தொட்டு எடுங்கள். பெயிண்ட் பிரஷ்ஷும் உதவும், ஆனால் மகரந்தம் பிரஷ் மயிரில் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் படுத்தும், எனக்குப் பூவோடு பூ தொடுவதே பிடித்திருக்கிறது. ஒற்றை மரம் என்றால் நடுப்பகலில் இரண்டும் திறந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். தெரிந்தவர் வீட்டில் எதிர் வகை மரம் இருந்தால் அதைவிட வசதி, ஒரு சின்னக் கொத்தை டிபன் டப்பாவில் ஈரத் துணி சுற்றி எடுத்து வந்து அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். நூல் கட்டாத பத்துக் கொத்துகளை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, நூல் கட்டிய கொத்துகளில் பட்டாணி அளவுப் பிஞ்சு கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடுதலாக இருந்தால் உங்கள் மரத்துக்குக் குறை மகரந்தம்தான், நர்சரிக்காரரோடு பேசலாம். இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் எதிர் வகைச் செடிக்குக் கொடுக்கும் பணம் வீண், வேறு இடத்தில் பார்க்க வேண்டும். கையால் தொட்டாலும் நிற்பது கொஞ்சம்தான், அதனால் இதை ஒரு சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மரம் முழுக்க ஏணி போட்டு ஏறிச் செய்யும் வேலை இல்லை இது.

வேறு இடம் என்றால் முதலில் தண்ணீர். மாமரத்துக்குப் பூக்கும் முன் தண்ணீரை நிறுத்துகிற பழக்கத்தை இதற்குக் கொண்டுவராதீர்கள். பூத்து நிற்கும் அவகாடோ, இலையைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டுப் பூக்கள் வழியாகவே ஏகப்பட்ட தண்ணீரை இழக்கும். அதன் உறிஞ்சு வேர்கள் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் படர்ந்து கிடப்பவை, பிப்ரவரி முதல் மே வரை அந்தச் சாண் காய்ந்தால் பிஞ்சு நிற்காது. அந்த மாதங்களில்தான் பெங்களூருவில் தண்ணீர்த் தட்டுப்பாடும் வரும், 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததெல்லாம் நினைவிருக்கும். அதனால் காய்ந்த இலைச் சருகை ஒரு சாண் உயரத்துக்கு, தண்டை ஒட்டாமல், கிளை பரவும் எல்லை வரை போட்டு மூடிவையுங்கள். அப்புறம் ஒரு விஷயம், ஆர்.ஓ. மிஷின் கழிவுத் தண்ணீரைத் தோட்டத்துக்குத்தான் விடுகிறோம் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். மற்ற செடிகள் சில தாங்கும், அவகாடோ உப்புக்கு ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. இலையின் நுனியும் ஓரமும் சுட்டதுபோல் பழுப்பாகிறதா என்று பாருங்கள், ஆகிறது என்றால் அந்தக் குழாயை முதலில் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். ஆழமான போர்வெல் தண்ணீரும் சில ஏரியாக்களில் இதே வேலையைச் செய்யும், மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கலந்து விடுவது நல்லது.

உரம் பற்றிச் சுருக்கமாக: பூக்கும் நேரத்தில் யூரியாவோ கோழி எருவோ அள்ளிக் கொட்டினால் பூங்கொத்தின் நுனியிலிருந்தே துளிர் பீறிட்டு வரும், மரம் துளிருக்குச் சோறு போடுமா பிஞ்சுக்குப் போடுமா என்றால் துளிருக்குத்தான் போடும். மகரந்தக் குழல் வளர போரான் வேண்டும் என்பது உண்மை, ஆனால் போரானில் குறைவுக்கும் விஷத்துக்கும் இடைவெளி சின்னது, மண்ணைப் பரிசோதிக்காமல் போராக்ஸ் வாங்கிப் போடாதீர்கள். கவாத்து செய்வதானால் மழைக்காலக் காய்ப்பு முடியும் நேரத்தோடு செய்து முடித்துவிட வேண்டும். பூ வருவது முதிர்ந்த கிளைகளின் நுனியில், தீபாவளிக்கு மேல் அழகுக்காக நுனி வெட்டினால் அந்த வருஷப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் எதிர் வகை வேண்டும் என்று முடிவானால், 30க்கு 40 சைட்டில் இரண்டாவது மரத்துக்கு இடம் எங்கே? முதலில் தெருவில் ஒரு நடை நடங்கள். நாலு வீடு தள்ளி ஒரு மரம் இருந்தால் அதன் பூவை எட்டிப் பார்த்து வகை தெரிந்துகொள்ளுங்கள், எதிர் வகையாக இருந்தால் உங்களுக்குத் தேவை தேனீ மட்டும்தான். அப்படி இல்லையென்றால் என் யோசனை, புதுச் செடி வாங்காமல் இருக்கிற மரத்திலேயே வெயில் படும் கிளை ஒன்றில் எதிர் வகைக் குச்சியை ஒட்டுக்கட்டிவிடுவது. ஒரே வேர், இரண்டு கடிகாரம். லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார், வெயில் கொளுத்தும் மாதங்களை விட்டு மற்ற நேரத்தில் கூப்பிட்டு வந்து, ஒன்றுக்கு நாலாகக் கட்டச் சொல்லுங்கள், எல்லாம் பிடிக்காது. கிளையில் கட்டிய ஒட்டு தனிச் செடியைவிடச் சீக்கிரம் பூக்கும் என்பது இதில் கூடுதல் லாபம். ஒட்டுக்கிளையை மட்டும் மற்ற கிளைகள் அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பெயர் எழுதி ஒரு டேக் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கவாத்தில் போய்விடும்.

செடியாகத்தான் வாங்குவேன் என்றால் வகையின் பெயரைக் கேளுங்கள். ஹாஸ், லாம்ப் ஹாஸ், பிங்கர்டன், ரீட் எல்லாம் ஏ. ஃபூர்டே, பேக்கன், ஜுடானோ, எட்டிங்கர், ஷார்வில் எல்லாம் பி. ஆனால் டேக்கில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம், விற்கிறவருக்கே தெரியாமல் மாறியிருக்கும். ஒட்டுச்செடிகள் பையில் இருக்கும்போதே பூப்பது உண்டு. ஜனவரி கடைசியில், பிப்ரவரியில் ஒரு வெயில் நாளாகப் பார்த்துக் காலை பத்துப் பதினொன்று மணிக்கு நர்சரிக்குப் போனால் பையில் நிற்கும் செடியின் பூவையே பார்த்து வகை தெரிந்துகொண்டு வாங்கலாம். பி என்று விற்கும் செடியின் பூ அந்த நேரத்தில் மகரந்தத்தோடு நிற்க வேண்டும். வெள்ளைச் சூல்முடியோடு பெண்ணாக நின்றால் அது ஏ, திருப்பி வைத்துவிடுங்கள். இது தெரிந்த வாடிக்கையாளர் என்றால் பேச்சின் தொனியே மாறும், விலையும் கொஞ்சம் மாறும்.

மொட்டைமாடி டிரம் பற்றி. ஹாஸ் டிரம்மில் வளரும், 200 லிட்டர் டிரம்மை பாதியாக வெட்டாமல் முழுசாக வைத்து, அடியில் ஓட்டைகள் தாராளமாகப் போட்டு, தண்ணீர் தேங்காத கலவை போட்டால் மூன்று நான்கு வருஷத்தில் பூக்கும். தேங்கினால் ஃபைட்டோப்தோரா வேரழுகல் வந்து ஒரே மாதத்தில் போய்விடும், அவகாடோவுக்கு உலகம் முழுக்க எமன் அந்தக் கிருமிதான். ரூடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1935இல் காப்புரிமை வாங்கிய அந்தத் தாய்மரமே வேரழுகலில்தான் 2002இல் செத்தது. மாடியில் இன்னொரு சங்கடம், மார்ச் வெயிலில் தளம் சுட்டு டிரம்மில் வேர் வேகும், பிஞ்சு பிடிக்கும் நேரமும் அதுவே, அதனால் டிரம்மின் மேற்குப் பக்கத்தை வேறு தொட்டிகளால் மறைத்து வையுங்கள். ஒரு டிரம் மரத்தில் இருபது காய் வந்தாலே சந்தோஷப்பட வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், கீழே நிற்கும் மரம் பி என்று தெரிந்தால் மட்டும் மாடியில் ஹாஸ் வைப்பேன், ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். கீழே இருப்பது ஏ என்றால் ஹாஸும் ஏ, அப்போது மாடி டிரம்முக்கு ஃபூர்டே பாருங்கள். எதுவானாலும் அடுத்த தை மாதம் பூவைப் பார்த்த பிறகு வாங்குங்கள். படம் எடுத்து நேரத்தையும் குறித்து அனுப்பினால் ஏ-யா பி-யா என்று சொல்லிவிடுகிறேன்.